ஊருக்குள் ஓட்ட ஒரு சின்ன மின்கார்: டியாகோவா, காமெட்டா, பெட்ரோலே போதுமா?

டாடா டியாகோ இ.வி.யின் பெரிய பேட்டரி 24 யூனிட். சின்னது 19.2 யூனிட். எம்ஜி காமெட்டில் இருப்பது 17.3 யூனிட். கரண்ட் பில்லில் நாம் பார்க்கிற அதே யூனிட்தான். பழைய ஒன்றரை டன் ஏசி ஒன்று இரண்டு மூன்று இரவுகளில் குடிக்கிற மின்சாரம் காருக்கு ஒரு 'ஃபுல் டேங்க்'. இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், ஷோரூமில் சொல்லப்படும் பாதிப் பேச்சுக்கு அவசியமே இருக்காது.

முதலில் தூரம். டியாகோவின் 24 யூனிட் பேட்டரிக்கு அறிமுகத்தின்போது சொல்லப்பட்டது 315 கிலோமீட்டர், 19.2-க்கு 250, காமெட்டுக்கு 230. இவை ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண்கள். சென்னை வெயிலில் ஏசி போட்டு, இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஓட்டினால் 24 யூனிட் டியாகோ 180 முதல் 210 வரை போகும். சின்ன பேட்டரி 140 முதல் 160, காமெட் 150 முதல் 170. யாரும் பூஜ்யம் வரை ஓட்டுவதில்லை. 15 சதவீதத்தில் வீடு வந்து சேர வேண்டும் என்று வைத்தால், டியாகோவுக்கு 160, காமெட்டுக்கு 130 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து சிறுசேரி போய்த் திரும்ப ஐம்பது சொச்சம்தான் ஆகும். அந்த வேலைக்கு இரண்டுமே தாராளம்.

நெரிசலில் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) குறையுமா, கூடுமா என்பது அடிக்கடி வரும் சந்தேகம். இரண்டும் நடக்கும். நின்று நின்று போகும்போது பிரேக்கில் வீணாகும் சக்தியில் ஒரு பங்கை மோட்டார் திரும்பப் பேட்டரிக்கே அனுப்புகிறது. அது லாபம். ஆனால் ஏசி கிலோமீட்டர் கணக்கில் தின்பதில்லை, மணிக் கணக்கில் தின்கிறது. மே மாதத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட் என்று கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அந்த ஒரு யூனிட் 30 கிலோமீட்டருக்குப் பங்காகிறது. கத்திப்பாரா மாதிரி இடத்தில் மணிக்கு 15 என்று ஊர்ந்தால் 15 கிலோமீட்டருக்குள் தீர்ந்துவிடும், ஓட்டுவதற்கு ஆகும் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக. ரேஞ்ச் திடீரென்று குறைகிறது என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான், பேட்டரி கெட்டுப்போனது அல்ல. புறப்படும் முன், வண்டி பிளக்கில் இருக்கும்போதே ஏசி போட்டுக் குளிர வைத்துவிட்டால் முதல் பத்து நிமிடத்துச் சுமை வீட்டு மின்சாரத்தில் போய்விடும். டியாகோவின் மேல் வகைகளில் போன் செயலியிலிருந்தே இதைச் செய்யலாம்.

நெடுஞ்சாலையில் கதை வேறு. 90-க்கு மேல் பிடித்தால் காற்றைக் கிழிக்கவே பாதிச் சக்தி போகும். 24 யூனிட் டியாகோ 150, 170-இல் நின்றுவிடும்.

பிளக் எங்கே இருக்கிறது?

இந்தக் கார்களை வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது வண்டி நிற்கிற இடத்தில் உள்ள சாக்கெட். சொந்தமான, பூட்டக்கூடிய, உங்கள் மீட்டரிலிருந்து வரும் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால், பொது சார்ஜரை மட்டும் நம்பி இவற்றை வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். காமெட்டுக்கு டிசி வேக சார்ஜிங் (நேர்மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்கே விரைவாக ஏற்றுவது) வசதியே கிடையாது, அதனால் அதற்கு அந்த வழி முழுக்க அடைபட்டது. டியாகோவை டிசி சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதம் ஏற்ற ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆனால் பொது சார்ஜர்களில் யூனிட்டுக்கு 18 முதல் 25 ரூபாய் வரை கேட்கிறார்கள். கிலோமீட்டருக்கு இரண்டரை, மூன்று ரூபாய் ஆகிவிடும். வாரம் இருமுறை மாலில் ஒரு மணி நேரம் காத்திருப்பதற்குக் கணக்கே இல்லை.

தினமும் 40 கிலோமீட்டர் ஓடினால் சுவரிலிருந்து எடுக்க வேண்டியது ஐந்தரை யூனிட் அளவு. பேட்டரிக்குள் போவதைவிடச் சுவரிலிருந்து 10, 15 சதவீதம் கூடுதலாகவே இழுக்கும், மாற்றத்தில் வெப்பமாக வீணாவது அது. வண்டியோடு வரும் சாதாரணக் கேபிள் மணிக்கு இரண்டரை யூனிட் அளவுக்கு ஏற்றும். ஆக இரண்டேகால் மணி நேரம். 10 சதவீதத்துக்கு இறங்கிய டியாகோவே ஒன்பது மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும், காமெட்டுக்கு ஏழு மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குச் சொருகினால் காலை வாசல் தெளிக்கும் நேரத்தில் வண்டி தயார். அறிமுக விலையில் டியாகோவின் 7.2 கிலோவாட் சார்ஜருக்குக் கூடுதலாக 50,000 ரூபாய் வைத்திருந்தார்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது வீண் செலவு. அதை முழுதாகப் பயன்படுத்த 32 ஆம்பியர் லைன், தடித்த வயர், பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த ஒரு விண்ணப்பம், சில வீடுகளில் மும்முனை இணைப்பு என்று வால் நீண்டுகொண்டே போகும். காமெட்டில் 2024 மார்ச்சில் வந்த 'எஃப்சி' (ஃபாஸ்ட் சார்ஜ்) வகைகளுக்கும் 7.4 கிலோவாட் வீட்டுச் சார்ஜிங் உண்டு, மூன்றரை மணி நேரத்தில் நிரம்பும். அவற்றைச் சார்ஜருக்காக வாங்க வேண்டியதில்லை. பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், வண்டி வழுக்காமல் பிடிக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி ஆகியவை அவற்றோடு சேர்ந்து வருகின்றன. கூடுதல் காசு கொடுப்பதானால் அதற்காகக் கொடுங்கள்.

இனி வயரிங். வீடுகளில் ஏற்கனவே இருக்கும் 'பவர் பிளக்'கில் அப்படியே சொருகிவிடலாம் என்று விற்பனையாளர் சொல்வார். அயர்ன் பாக்ஸும் வாட்டர் ஹீட்டரும் அரை மணி நேரம் இழுத்துவிட்டு நிற்கும். கார் எட்டு மணி நேரம் விடாமல் 11, 12 ஆம்பியர் இழுக்கும். மலிவான சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருந்தால், அந்த ஒரு புள்ளியில் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து, பிறகு உருகும். பிளக்கின் ஒரு காலைச் சுற்றி மட்டும் கருத்திருந்தால் இதுதான் காரணம். எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது இவ்வளவு: மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், இடையில் முடிச்சோ டேப் சுற்றிய இணைப்போ கூடாது, அளவுக்கு மீறி இழுத்தால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தொழிற்சாலைகளில் பயன்படும் உலோக உறை சாக்கெட் அல்லது நல்ல நிறுவனத்தின் 16 ஆம்பியர் சாக்கெட். சாக்கெட் தரையிலிருந்து நாலரை, ஐந்து அடி உயரத்தில் இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு கொக்கி அடித்து, கேபிளின் நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அதில் தொங்கவிடுங்கள். அந்தப் பெட்டியின் எடை முழுவதும் பிளக்கில் தொங்கினால் அது மெல்ல மெல்லச் சாய்ந்து, மேலே சொன்ன தளர்ச்சியைத் தானே உண்டாக்கிவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் உருகிய சாக்கெட்டுகள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் மாடி ஜன்னலிலிருந்து வயர் தொங்கவிட்டுச் சார்ஜ் ஏற்றுவதைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். தீயணைப்பு வண்டிக்கு வேலை வைக்கிற பழக்கம்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாமலும் ஓடிவிடும். கார் ஓடாது, அதாவது ஏற்றிக்கொள்ளாது. சார்ஜிங் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பழுது வீட்டின் எர்த்தில்தான். பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து, உள்ளே பைப் துருப்பிடித்துப் போயிருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஐந்தைத் தாண்டினால் புதிதாக எர்த் அடிக்க வேண்டியிருக்கும். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் இணைத்துக் காரை ஏமாற்றும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். விளக்கு பச்சையாகிவிடும். வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும். அப்படிச் செய்பவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

கோடை மாலைகளில் புறநகர்ப் பகுதிகளில் மின்னழுத்தம் 180 வோல்ட் வரை இறங்குவது உண்டு. அப்போது சார்ஜர் மெதுவாக்கும், அல்லது நிறுத்திவிடும். நள்ளிரவுக்கு மேல் அழுத்தம் சீராகிவிடும், அந்த நேரத்துக்கு டைமர் வைப்பது புத்திசாலித்தனம். கட்டணத்துக்காக அல்ல. வீட்டு இணைப்புக்கு ராத்திரிச் சலுகை கிடையாது. இன்வெர்ட்டர் லைனில் காரை இணைத்துவிடாதீர்கள். கரண்ட் போன மறுநிமிடம் இன்வெர்ட்டர் அலறும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் முன்பணம் கட்டும் முன்பே சங்கத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். உங்கள் மீட்டரிலிருந்து கட்டடத்தின் அடியில் இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங் வரை எவ்வளவு தூரம், வயர் எந்தச் சுவர் வழியாகப் போகும் என்று எலக்ட்ரீஷியனோடு நடந்து அளந்து பார்த்த பிறகு கேளுங்கள். பொது இணைப்பிலிருந்து எடுத்தால் துணை மீட்டர் வைத்தாலும் சண்டை வரும். தூரம் 30 மீட்டரைத் தாண்டினால் 6 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள்.

கரண்ட் பில்லில் ஏறும் படிகள்

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று விளம்பரம் சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த எண் உங்கள் வீட்டைப் பொறுத்தது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், படிப்படியாக ஏறும் கட்டணம். 2024 ஜூலை கட்டணத்தின்படி 400 யூனிட் வரை 4.80 ரூபாய் (முதல் நூறு இலவசம், அடுத்த படியில் மானியம்), 401 முதல் 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. கார் குடிக்கும் யூனிட்டுகள் வீட்டுச் செலவின் உச்சியில் போய் உட்காரும். ஆகவே உங்கள் சராசரிக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கடைசிப் படியின் கட்டணத்தை வையுங்கள்.

மாதம் 1000 கிலோமீட்டர், அதாவது ஒரு பில்லுக்கு 2000 கிலோமீட்டர் என்று கொள்வோம். காருக்குச் சுமார் 270 யூனிட் ஆகும். ஏற்கனவே 200 யூனிட் எரிக்கும் சிக்கன வீடு என்றால் கூடுவது 1,400 ரூபாய் சொச்சம், கிலோமீட்டருக்கு 70 காசு. 400 யூனிட் எரிக்கும் வீடு 670-க்குத் தாவும். படிகளில் 2,175 ரூபாய். 500-ஐத் தாண்டியதால் கீழ்ப்படியில் கிடைத்து வந்த மானியத்தில் ஒரு பகுதியும் போய்விடும். சுமாராக 2,400 வரும், கிலோமீட்டருக்கு 1.20. மூன்று ஏசி ஓடி ஏற்கனவே 700-இல் நிற்கும் வீட்டுக்கு 2,780 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.40. எந்த வீடானாலும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் குறைவுதான். லிட்டர் 100 ரூபாய் அளவில், நகருக்குள் 15 கிலோமீட்டர் தரும் சின்ன பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 6.70 ஆகிறது.

மொட்டை மாடியில் சோலார் இருந்தால் இந்தப் படிகள் எல்லாம் இறங்கிவிடும். 3 கிலோவாட் அமைப்பு தமிழ்நாட்டு வெயிலில் நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அந்த 12 யூனிட்டில் கார் 90 கிலோமீட்டர் போகும்.

கொஞ்சமாக ஓட்டுகிறவருக்கு லாபமில்லை

சின்ன மின்கார் யாருக்குப் பொருத்தம் என்று கேட்டால், "தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கடை, பள்ளிக்கூடம் என்று ஓட்டுகிறவருக்கு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வண்டியின் இயல்பைப் பார்த்தால் சரியான பதில். பணத்தைப் பார்த்தால் தவறு.

பெட்ரோல் காருக்கும் மின்காருக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம் என்று வைப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, மின்கார்களுக்கு அதே 5 சதவீதம்தான். அதனால் இடைவெளி முன்பைவிடக் கூடியிருக்கிறது. கிலோமீட்டருக்கு 5.50 மிச்சம் என்றால், 3 லட்சத்தை மீட்க 54,500 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1000 ஓடினால் நாலரை வருடம். மாதம் 500 ஓடினால் ஒன்பது வருடம், பேட்டரியின் 8 வருட உத்தரவாதமே முடிந்துவிடும். மாதம் 1500 ஓடுகிறவருக்கு மூன்றே வருடம். ஆக நாளுக்கு 40 முதல் 70 கிலோமீட்டர் ஓடி, ராத்திரி வீட்டில் சொருகுகிறவருக்குத்தான் இந்தக் கணக்கு இனிக்கிறது. அவருக்கு 24 யூனிட் டியாகோ பொருந்தும். அதைவிடக் குறைவாக ஓட்டுகிறவர் சத்தமில்லாத ஓட்டத்துக்காகவும், கிளட்ச் மிதிக்காத சுகத்துக்காகவும் வாங்கலாம், அது நியாயமான காரணம். மிச்சம் பிடிப்பதற்காக என்று வீட்டில் சொல்லாமல் இருந்தால் சரி.

ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் எதுவும் இல்லாததால் சர்வீஸ் செலவு குறையும். கூலன்ட், பிரேக் ஆயில், கேபின் ஃபில்டர், வைப்பர் ஆகியவை அப்படியேதான். டயர் மட்டும் கூடுதலாகத் தேயும். ஆக்சிலேட்டரை மிதித்த கணமே முழு இழுவையும் சக்கரத்துக்கு வந்துவிடுவதால், சிக்னலில் சீறிக் கிளம்புகிறவருக்கு டியாகோவின் முன் டயர்கள் சீக்கிரம் வழுக்கையாகும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். காப்பீட்டில் வண்டி மதிப்பு கூடுதல் என்பதால் பிரீமியமும் கூடும். பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பைத் தவிர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு 2025 இறுதி வரை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் எந்த உத்தரவு நடப்பில் இருக்கிறது என்று ஆன்ரோடு விலைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காமெட்டை பேட்டரி இல்லாத விலையில் வாங்கி, ஓடும் தூரத்துக்கு வாடகை கட்டும் திட்டம் 2024 செப்டம்பரில் வந்தது. 4.99 லட்சம், கிலோமீட்டருக்கு 2.50. அப்போது முழு விலை 6.99 லட்சம். வித்தியாசம் 2 லட்சம், அதை 2.50-ஆல் வகுத்தால் 80,000 கிலோமீட்டர். அதற்குக் குறைவாக ஓடி விற்றுவிடுகிறவருக்கு லாபம்போலத் தெரியும். ஆனால் மாதம் இத்தனை கிலோமீட்டருக்காவது கட்டியே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா, வண்டியை விற்கும்போது வாடகை யார் தலையில் விழும் என்ற இரண்டு வரிகளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டில் எது?

காமெட்டின் நீளம் 2,974 மில்லிமீட்டர், மூன்று மீட்டருக்கும் குறைவு. அகலம் 1,505. திரும்பும் ஆரம் 4.2 மீட்டர். மயிலாப்பூர் மாட வீதியில், மதுரை மாசி வீதிகளில், சௌகார்பேட்டைச் சந்துகளில் மற்ற கார்கள் பின்னால் போய் முன்னால் வந்து திணறும் இடத்தில் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். இரண்டு பைக் நிற்கிற இடத்தில் நிறுத்திவிடலாம். இதற்காகவே அதை வாங்குகிறவர்கள் ஏமாறுவதில்லை.

ஏமாறுகிறவர்கள் நான்கு சீட் என்ற சொல்லை நம்புகிறவர்கள். கதவு இரண்டுதான். பின்னால் போக முன்சீட்டை மடக்கி, குனிந்து, உடம்பைத் திருப்பி ஏற வேண்டும். மூட்டு வலி இருக்கும் அம்மாவுக்கு அது தினசரி தண்டனை. பின் கண்ணாடி இறங்காது. நால்வரும் உட்கார்ந்தால் பின்னால் காய்கறிப் பைக்கு மேல் இடமில்லை. 25 கிலோ அரிசி மூட்டை ஏற்ற ஒரு பின்சீட்டை மடிக்க வேண்டும். சக்கரங்களுக்கு நடுவே இரண்டு மீட்டர்தான் இடைவெளி, டயர் 145/70 ஆர்12. வேகத்தடையில் முன்சக்கரம் இறங்குவதற்குள் பின்சக்கரம் ஏறும், வண்டி குதிரைபோல முன்னும் பின்னும் ஆடும். குழியில் 12 அங்குலச் சக்கரம் ஆழமாக இறங்கும். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் பெட்டிதான். பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது. பைபாஸில் நூறைத் தொடுவதற்குள் அதன் வேகம் தீர்ந்துவிடும், பக்கத்தில் அரசுப் பேருந்து கடந்தால் காற்று தள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி ஓட்டும் வண்டி அல்ல இது. காற்றுப்பை இரண்டு.

டியாகோ பார்வைக்குச் சாதாரணக் கார். 3,769 மில்லிமீட்டர் நீளம், நான்கு கதவு, 240 லிட்டர் டிக்கி, 175/65 ஆர்14 டயர். பெரிய பேட்டரிக்கு 75 குதிரைத்திறன், சின்னதற்கு 61. முக்கியமான வேறுபாடு டிசி சார்ஜிங் துளை: பிளக் சிசிஎஸ்2, பொது வேக சார்ஜர்களில் வழக்கமாக இருக்கும் வகை. வருடத்துக்கு நாலைந்து முறை வேலூர், புதுச்சேரி என்று போகிற வீட்டுக்கு இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். காமெட்டுக்கு 8 வருடம், 1,20,000. குறை என்றால், டியாகோவின் பின்சீட்டுக்கு ஏசி துவாரம் கிடையாது, இதிலும் ஸ்டெப்னி இல்லை.

வீட்டில் இருக்கிற ஒரே கார் இதுவாக இருந்து, பொங்கலுக்குத் திருநெல்வேலி போக வேண்டுமென்றால்? சென்னையிலிருந்து 620 கிலோமீட்டர். முதல் ஓட்டம் 150, பிறகு ஒவ்வொரு 115 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேர நிறுத்தம். நான்கைந்து நிறுத்தம், பொங்கல் கூட்டத்தில் ஒவ்வொன்றிலும் முன்னால் இரண்டு வண்டி. அதற்கு நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கு. கோவையிலிருந்து ஊட்டி 1,800 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு 1,400 கிலோ எடையைத் தூக்க மட்டும் 7 யூனிட், இழப்பும் சேர்த்தால் 8. டியாகோவின் பேட்டரியில் மூன்றில் ஒன்று. தூரத்துக்கான செலவு அதற்கு மேல். இறங்கும்போது நல்ல பங்கு திரும்பி வரும். ஆனால் ஊட்டியில் முழுக்க ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்ப வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது, மோட்டார் பிடிக்காது, குன்னூர் வளைவுகள் முழுவதும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். 70 சதவீதத்தில் இறங்கத் தொடங்குங்கள். சமதளத்திலும் இதே விஷயம் உண்டு: முழு சார்ஜோடு கிளம்பிய முதல் சில கிலோமீட்டரில் வண்டி வழக்கத்தைவிட வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தோன்றும். பழுது இல்லை.

மழையும் 12 வோல்ட்டும்

பேட்டரிக்கு ஐபி67 தரம் என்பது, ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை வண்டிகள் அரை மணி நேரமா நின்றன? சாக்கடை கலந்த தண்ணீரில் நாள்கணக்கில் நின்றன. பேட்டரிப் பெட்டிக்குள் நீர் போகாவிட்டாலும் இணைப்புகள், சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்கள், சார்ஜிங் துளை எல்லாம் பச்சை பூத்துவிடும். மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேம்பாலத்திலோ உயரமான தெருவிலோ நிறுத்துங்கள். சீட்டு வரை நீர் ஏறிய வண்டியை உலர்ந்துவிட்டது என்று ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். சாதாரண மழையில் திறந்தவெளியில் சார்ஜ் ஏற்றுவதில் ஆபத்தில்லை, சாக்கெட் நனையாமல் இருக்கும் வரை.

நடுத்தெருவில் மின்கார் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணம் பெரிய பேட்டரி அல்ல, பெட்ரோல் காரில் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரி. கதவைத் திறக்க, திரையை எழுப்ப, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயை மூட அதுதான் வேண்டும். அது செத்தால் 90 சதவீதச் சார்ஜ் இருந்தும் வண்டி கல். மூன்று வாரம் ஊருக்குப் போனால், வந்ததும் இது நடக்கலாம். ஜம்பர் கேபிள் வைத்திருங்கள். நான்காம் வருடத்தில் கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

இரண்டு கார்களிலும் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. 80 சதவீதத்தில் நிறுத்து என்ற போன் அறிவுரை இதற்கு அப்படியே பொருந்தாது. இதன் மின்னழுத்தம் நடுவில் நெடுந்தூரம் ஒரே மட்டத்தில் இருப்பதால், எவ்வளவு மீதி இருக்கிறது என்று வண்டியின் கணினியால் துல்லியமாக ஊகிக்க முடியாது. வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுச் சார்ஜரில் மெதுவாக 100 வரை ஏற்றினால்தான் அது கணக்கைச் சரிசெய்துகொள்ளும், செல்களும் சமமாகும். எப்போதும் பாதியில் ஏற்றி, பாதியில் எடுத்து ஓட்டிய வண்டி, 18 சதவீதம் காட்டிவிட்டுச் சட்டென்று 6-க்கு விழுவது இதனால்தான்.

பழைய வண்டி வாங்குவதானால் இதையே சோதனையாக்கலாம். விற்பவரிடம் முந்தின இரவு 100 வரை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். காலையில் ஏசி போட்டு, ஊருக்குள் 60 கிலோமீட்டர் நீங்களே ஓட்டுங்கள். 24 யூனிட் டியாகோ என்றால் 30, 33 சதவீதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை சர்வீஸ் சென்டரில் எடுக்காமல் முன்பணம் தராதீர்கள். உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும், வண்டியோடு வந்த சார்ஜிங் கேபிள் கருகாமல் இருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள். புது வண்டி என்றால் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடிக்காமல் உங்கள் பார்க்கிங் வரை ஓட்டி வந்து, அங்குள்ள சாக்கெட்டில் அவர்களுடைய கேபிளைச் சொருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள்.